சீராக வந்த வண்டி

கேள்வி கேட்கிறவருக்கு ஐம்பத்தாறு வயது. பதில் சொல்கிறவளுக்கு முப்பத்தெட்டு.

அதனால் அந்தப் பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் தடுமாறித்தான் போவார்கள். நரைத்த மீசையோடு நிற்கிற வையாபுரியைப் பார்த்துக் கும்பிடு போடுவார்கள். அவர் கையிலிருக்கும் உப்புத்தாளாலேயே வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் தமயந்தியைக் காட்டுவார்.

"மேஸ்திரி அங்க இருக்குதுங்க. நான் படிக்க வந்தவன்."

சேந்தமங்கலம் போகிற ரோட்டில் அந்தப் பட்டறை இருந்தது. சேஸ் என்று சொல்கிற அடிச்சட்டத்தின் மேல் பாடி ஏற்றுவதுதான் அங்கே வேலை. பழைய வண்டியின் உடம்பைப் புது வண்டியின் எலும்பு மேல் உட்கார வைக்க வேண்டுமென்றால் நாலு ஜில்லாவிலிருந்தும் தமயந்தியைத் தேடித்தான் வருவார்கள்.

வையாபுரி முப்பது வருடமாக வெல்டிங் பிடித்தவர். வேறு ஊரில் சொந்தப் பட்டறை வைத்திருந்தார். அவர் பற்றவைத்த இடம் விட்டுப்போயிற்று என்று யாரும் அவரிடம் வந்து சொன்னதில்லை. புது மாடல் சேஸ் வேலை மட்டும் பிடிபடவில்லை என்று, பட்டறையை இரண்டு மாதத்துக்குப் பூட்டிவிட்டு இங்கே வந்து சேர்ந்தார்.

வந்த அன்றைக்கே வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டினார். தமயந்தி அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

"மொதல்ல பாருங்கண்ணா."

"எதைப் பார்க்கறதுங்க?"

"போற வண்டியைப் பாருங்க. வர்ற வண்டியைப் பாருங்க."

மூன்று வாரம் பார்த்தார். ரோட்டோரம் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது எந்த வண்டி எப்படி முறுக்கிக்கொள்கிறது என்று பார்த்தார். பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது.

ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டார்.

"மேஸ்திரி, பழைய பாடியைப் புது சேஸ்ல ஏத்தறப்ப, ரொம்ப முக்கியமானது எதுங்க?"

"நீங்க ஏத்தியிருக்கீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு. என் பொண்ணுக்கு."

அதைச் சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. சொல்ல ஆரம்பித்தார்.

மகள் கோகிலா வண்டி ஓட்டப் பழகியது அவருடைய பழைய பிக்கப்பில். மூக்கு குட்டையான வண்டி. சீட்டில் உட்கார்ந்தால் டயருக்கு முன்னால் இருக்கிற மண்ணே தெரியும். அவளைக் கட்டிக்கொடுத்தது கொல்லிமலையில். எழுபது கொண்டை ஊசி வளைவு. நீள மூக்கு வண்டியில் ஓரம் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது, எனக்கு அந்தக் குட்டை மூக்குதான் வேண்டும் என்று அவள் கேட்டாள். ஆனால் அந்தப் பழைய வண்டிக்கு இன்ஜின் போய்விட்டது. பிரேக்கும் நம்புகிற மாதிரி இல்லை. அந்தச் சமயம் மரம் விழுந்து பாடி நசுங்கின புது வண்டி ஒன்று விலைக்கு வந்தது. அடிச்சட்டத்தில் கீறல் இல்லை. வாங்கி, பழைய பாடியை அதன் மேல் ஏற்றி, பேத்திக்குக் காது குத்தின அன்றைக்குச் சீரோடு சீராகக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"எப்படி ஏத்துனீங்க?"

"எட்டு இடத்துல பிராக்கெட் வெச்சு சேஸ் மேலயே பத்த வெச்சேன். பாடியைப் பிடிக்க பிராக்கெட்டுக்கு ஒண்ணா எட்டு போல்ட். எல்லாத்துலயும் நட்டு மேலயும் பத்த வெச்சுட்டேன்."

"நட்டு மேலயுமா?"

"சீர் குடுக்கறதுங்க, மேஸ்திரி! கழண்டு வர்ற மாதிரி ஒண்ணைக் குடுக்கலாமா? எங்க வீட்டுல சீர்க் கட்டிலுக்கு ஆணி அடிச்சாக்கூட, வெளிய வர்ற முனையை மடக்கி விட்டுருவோம். குடுத்தா குடுத்ததுதான்."

தமயந்தி பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வண்டி இப்ப எங்க இருக்குது?"

"மலையிலதான். நாலு மாசமா தினம் ஒரு நடை. அன்னாசி, பலா, மிளகுன்னு ஏத்திக்கிட்டு இறங்குறா, சாமானோட ஏறுறா. குழந்தையையும் பக்கத்துல வெச்சுக்குவா. ரெண்டரை வயசு. பாட்டிகிட்ட விட்டா அழுகுது."

"நாளைக்குக் காலையில எறங்கி லோடை எறக்குனதும் இங்க வந்துட்டுப் போகச் சொல்லுங்கண்ணா."

"எதுக்குங்க?"

"பார்க்கத்தான்."

வையாபுரிக்கு அது போதும். மேஸ்திரியே தன் வேலையைப் பார்க்கக் கேட்கிறாள்! மறுநாள் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

வண்டி வருவதற்கு முன்னால் பாட்டு வந்தது. அரை மைலுக்குக் கேட்கிற சத்தம். அப்புறம் வளைவில் திரும்பி நீலக் கலரில் அந்தக் குட்டை மூக்கு வந்து நின்றது. உள்ளே கோகிலா. நடுவில், கியர் கம்பிக்குப் பக்கத்தில், குழந்தை. இடது பக்கச் சீட்டு காலியாக இருந்தது.

"தாத்தா!" என்று குழந்தை கத்தியது பாட்டுச் சத்தத்தில் காதில் விழவில்லை. வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

வையாபுரி போய்ப் பேத்தியைத் தூக்கிக்கொண்டார். "பாருங்க மேஸ்திரி. எப்படி உக்காந்திருக்குது பாருங்க, கோயில் தேர் மாதிரி."

தமயந்தி வண்டியைச் சுற்றி வந்தாள். கோகிலாவின் பக்கம் வந்து நின்றாள்.

"பாட்டை நிறுத்து கண்ணு."

"இருக்கட்டுங்க்கா. நிறுத்துனா பாப்பா அழுகும்."

"பாப்பா தாத்தாகிட்ட இருக்குதே."

கோகிலா அப்பாவைப் பார்த்தாள். பாட்டை நிறுத்தவில்லை. தமயந்தியே கையை உள்ளே விட்டு நிறுத்தினாள்.

"அந்தக் கட்டை மேல ஒரு சக்கரத்தை மட்டும் ஏத்தி எறக்கு. மெதுவா."

பட்டறை வாசலில் பாதி புதைந்து ஒரு பழைய ரயில் கட்டை கிடந்தது. கோகிலா வண்டியை எடுத்தாள். முன்சக்கரம் கட்டை மேல் ஏறியது.

டக்.

இறங்கியது.

டக். அதற்குப் பிறகு, பல் கூசுகிற மாதிரி ஒரு கீச்.

"பழைய தகரம்," வையாபுரி சிரித்தார். "வயசானா பேசத்தானே செய்யும்?"

தமயந்தி சிரிக்கவில்லை.

"அண்ணா, வண்டி இங்கயே நிக்கட்டும்."

"நிக்கட்டுமாவா? மேல பலாப்பழம் பறிச்சுக் குமிச்சிருக்காங்க. ரெண்டு நாள் போனா வெடிச்சுரும். சம்பந்தி வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"வேற வண்டி பிடிச்சுக்கலாம்."

"சீர் வண்டி பட்டறையில நிக்குதுன்னு ஊரே பேசறதுக்கா?"

"அண்ணா, சொல்றேன், நிக்கட்டும்."

"அடுத்த வாரம் நானே கொண்டு வர்றேன் மேஸ்திரி. எழுபது வளைவும் ஏறட்டும், என் வெல்டிங் தாங்கும். அதுக்கு நான் பொறுப்பு."

தமயந்தி மூன்றாம் தடவை சொல்லவில்லை. "எறங்கு கண்ணு" என்று கோகிலாவிடம் சொன்னாள். கோகிலா இறங்கினாள். தமயந்தி உள்ளே போனாள். நாலு கிலோ சுத்தியலோடு வந்தாள்.

வையாபுரியிடம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போகச் சொல்லிக் கண்ணால் காட்டினாள். ஏதோ தட்டிப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்து அவரும் பத்தடி தள்ளி நின்றார்.

அவள் முன்கண்ணாடியின் நடுவில் ஓங்கி அடித்தாள்.

மொத்தக் கண்ணாடியும் ஒரு நொடி வெள்ளையாக நின்றது. அப்புறம் மூட்டை அவிழ்ந்த கற்கண்டு மாதிரி சீட்டிலும் தரையிலும் கொட்டியது.

குழந்தைகூட வாயைத் திறந்தபடியே இருந்தது, அழுகை வரவில்லை. எதிரில் பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கின கையை எடுக்கவே மறந்துபோனார்.

வையாபுரிக்கு முதலில் குரல்தான் வந்தது. வார்த்தை அப்புறம்தான் வந்தது.

"ஏய்! ஏய்... அம்மிணி! உனக்கென்ன பைத்தியமா?"

மூன்று வாரமாக மேஸ்திரி என்று கூப்பிட்ட வாய் அது.

"அது வளைஞ்ச கண்ணாடி. இப்ப எங்கயும் கிடைக்காது. உக்கடம் காயலாங்கடையில நாலு நாள் தேடி எடுத்தேன். சீர் வண்டிக்குக் கண்ணாடியை உடைச்சுப் போட்டியே! சுத்தி ரப்பர் இருக்குதே, அதைக் கழட்டுனா கண்ணாடி முழுசா வந்திருக்குமே!"

"வந்திருக்கும். சாயங்காலம் மறுபடி மாட்டியும் இருப்பீங்க."

"மாட்டத்தான் செய்வேன்! என் பொண்ணு மூஞ்சியைப் பாரு. அவ என்ன பாவம் பண்ணா?"

எல்லோரும் கோகிலாவைப் பார்த்தார்கள்.

கோகிலா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கால் நீட்டி, சுவரில் சாய்ந்து, ரொம்பத் தூரம் நடந்து வந்தவள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"நல்லதாப் போச்சுங்க்கா," என்றாள்.

வையாபுரி சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தார்.

"என்ன கண்ணு?"

"நல்லதாப் போச்சுங்கப்பா. கண்ணாடி இல்லாம ஓட்ட முடியாதுல்ல? இனி யாரும் ஓட்டச் சொல்ல மாட்டாங்க."

அவர் பேத்தியை இறக்கிவிட்டார்.

கோகிலா எழுந்து இடது பக்கக் கதவிடம் போனாள். வெளியே இருந்து இழுத்தாள். கதவு வரவில்லை. கையை உள்ளே விட்டு ஏதோ அவிழ்த்தாள். சேலையிலிருந்து கிழித்த பச்சைத் துணி, மூன்று முடிச்சு. முடிச்சு அவிழ்ந்ததும் கதவு தானாகத் திறந்து தொங்கியது.

"வளைவுல திறந்துக்குதுங்கப்பா. பன்னெண்டாவது வளைவுல பாப்பா இந்தப் பக்கம் உக்காந்திருந்தா. சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். அன்னிக்கிருந்து அவளை நடுவுல உக்கார வெச்சுக்கறேன்."

அவர் துணியைப் பார்த்தார். அது அவர் எடுத்துக் கொடுத்த சேலை.

கோகிலா வண்டிக்குள் காலடியில் கிடந்த பாயை விலக்கினாள். அதன் கீழே இன்னொரு பாய். அதையும் விலக்கினாள். தகரத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு கிழிசல். அதன் வழியாகப் பட்டறைத் தரை தெரிந்தது. ஒரு எறும்பு போவதுகூடத் தெரிந்தது.

"ரோடு தெரியும்," என்றாள். "பாப்பா அதுல பிஸ்கட்டைப் போட்டு விளையாடுனா. அதுக்கப்புறந்தான் ரெண்டாவது பாய் வாங்குனேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டாம் மாசத்துலருந்துங்கப்பா."

"அப்ப அந்தப் பாட்டு?"

கோகிலா குனிந்துகொண்டாள். "நீங்க வண்டியில வர்றப்ப சத்தம் கேக்காம இருக்கறதுக்கு."



"ஒருக்கா சொல்ல வந்தேன். போன நோம்பிக்கு, எல்லாரும் கூடியிருந்தப்ப. 'கதவு கொஞ்சம்...'ன்னு ஆரம்பிச்சேன். 'கதவா? என் கதவா?'ன்னு சிரிச்சுட்டு, மூணு தடவை அடிச்சு மூடிக் காட்டுனீங்க. வண்டி சமதரையில நின்னுச்சு. நல்லா மூடிச்சு."

அவருக்கு அது ஞாபகம் இருந்தது. எல்லோரும் கைதட்டினதும் ஞாபகம் இருந்தது.

அவர் ஏதாவது சொல்லுவார் என்று கோகிலா கொஞ்ச நேரம் நின்றாள். அவர் வண்டிக்குள் அந்தக் கிழிசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினொன்றரைக்கு மலைக்குப் போகிற செம்மேடு பஸ். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். தமயந்தி பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போனாள். இரண்டு பேரும் புளியமர நிழலில் நின்று பேசினார்கள். கோகிலாதான் அதிகம் பேசினாள். பட்டறையிலிருந்து பார்க்க அவள் கை அசைவது மட்டும் தெரிந்தது.

பஸ் போனது. தமயந்தி திரும்பி வந்தபோது வையாபுரி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையில் வேர்வை.

"மேஸ்திரி," என்றார். அம்மிணி திரும்பவும் மேஸ்திரி ஆகியிருந்தாள். "தகரந்தான் கிழிஞ்சிருக்குது. என் வெல்டிங் விடல. நீங்களே பாருங்க, ஒரு இடம் விடல."

"நான் எதுக்குப் பார்க்கணும்? நீங்களே பாருங்க."

ஒரு டப்பாவில் மண்ணெண்ணெயும், பழைய துணியும், ஒரு சாக்பீஸும் கொண்டு வந்து வைத்தாள்.

"இந்த சோதனை தெரியுமா?"

"தெரியாமயா? எண்ணெய் தடவி, ஊறவிட்டுத் துடைச்சு, சாக்பீஸ் தேய்ச்சா, விரிசலுக்குள்ள போன எண்ணெய் வெளிய வந்து கோடு காட்டும். எத்தனை வண்டிக்குப் பண்ணியிருக்கேன்!"

"உங்க வேலைக்குப் பண்ணியிருக்கீங்களா?"

"அடுத்தவங்க வேலைக்குத்தானுங்க பண்ணுவாங்க."

சொன்னபிறகு அவரே தன் சொல்லைக் கேட்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார்.

கம்பி பிரஷ்ஷால் பெயிண்டைச் சுரண்டினார். எட்டு இடத்திலும் எண்ணெய் தடவினார். ஊறவிட்டார். துடைத்தார். சாக்பீஸைத் தேய்த்தார். எட்டு இடமும் குழந்தைக்குப் பவுடர் போட்ட மாதிரி வெள்ளையாக இருந்தது.

இனிப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான்.

முதல் பிராக்கெட். ஒன்றுமில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"பாத்தீங்களா?" என்றார்.

தமயந்தி டயர் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவதும் வெள்ளை. மூன்றாவதில் மயிரிழை மாதிரி ஒரு ஈரம் எழுந்தது. அவர் வெல்டிங் வரி அழகாக, மீன் செதில் அடுக்கினது போல இருந்தது. ஈரம் அதைத் தொடவே இல்லை. வெல்டிங்குக்கு ஒட்டின மாதிரி, சேஸ் இரும்பில் எழுந்தது.

"வெல்டிங் விடலீங்க. பக்கத்துலதான்."

"ஆமாங்கண்ணா. வெல்டிங் விடல."

நாலாவதில் இரண்டு கோடு. ஐந்தாவது, குழந்தை முன்பு உட்கார்ந்த இடது பக்கச் சீட்டுக்கு நேர் கீழே. அங்கே ஈரம் சேஸின் அடி விளிம்பில் கிளம்பியது. நிற்கும் என்று பார்த்தார். நிற்கவில்லை. மெதுவாக, யாரோ கையால் கோடு போடுகிற மாதிரி, மேலே மேலே ஏறியது. சட்டத்தின் பாதி உயரம் தாண்டியது. இன்னும் ஏறியது.

நின்ற இடத்துக்கும் மேல் விளிம்புக்கும் நடுவில் அவர் விரலை வைத்துப் பார்த்தார்.

இரண்டு விரல்.

மிச்சம் மூன்று இடத்தையும் அவர் பார்க்கவில்லை. அடியிலேயே மல்லாந்து கிடந்தார். அந்த இரண்டு விரல் அளவு இரும்புதான் காலையில் எழுபது வளைவையும் இறங்கி வந்திருக்கிறது. பாட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

"மேஸ்திரி." குரல் அடியிலிருந்து வந்தது. "இன்னிக்கு ஏறியிருந்தா?"

தமயந்தி ஜாக்கியைக் கொண்டு வந்து ஒரு முன்சக்கரத்துக்கு மட்டும் கீழே வைத்தாள். ஒவ்வொரு அழுத்துக்கும் சக்கரம் எழும்பியது. சேஸ் முறுக்கியது. மேலே கண்ணாடி இருந்த ஓட்டையின் மூலைகள், ஒன்று விரிந்து ஒன்று குறுகின. கதவு வாயைத் திறந்தது.

"பழைய சேஸ் இப்படி முறுக்காதுங்களே," என்றார்.

"முறுக்கும். பழசுல பாடிக்கும் சேஸுக்கும் நடுவுல ரப்பர் கட்டை இருந்துச்சா?"

"இருந்துச்சு. மக்கிப்போய். எடுத்து வீசிட்டேன்."

"எதுக்கு இருந்துச்சுன்னு நெனச்சீங்க?"

"ரப்பர் வெச்சா ஆடும். ஆடற வண்டியைச் சீர் குடுக்க முடியுமான்னு..."

தமயந்தி ஜாக்கியை இறக்கினாள். டக் என்றது. இந்தத் தடவை அவருக்கு அது பழைய தகரம் பேசுகிற சத்தமாகக் கேட்கவில்லை.

அவர் வெளியே வந்தார். முதுகெல்லாம் மண். தமயந்தி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். முகத்தில் ஊற்றிக்கொண்டார், குடிக்கவில்லை.

"இந்த சேஸ் இனி ஆகாது," என்றாள். "பாடி ஆகும். வேற சேஸ் பார்த்துக்கலாம். இப்ப பாடியை எறக்கணும்."

"சரிங்க."

வேலை ஆரம்பித்தது. பாரம் தூக்குகிற செயின் பிளாக்கை உத்திரத்தில் மாட்டினார்கள். பாடியின் நாலு மூலையிலும் பெல்ட் கட்டினார்கள். வையாபுரி சொன்னதைச் செய்தார். மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் கேள்வி கேட்காமல் வேலை செய்தார். பஞ்சர் கடைக்காரர் வந்து, "என்னங்ண்ணா, சீர் வண்டியைப் பிரிக்கிறீங்களா?" என்று கேட்டபோது, "ஆமாங்க, நான் கெடுத்து வெச்சுட்டேன்" என்றார். கேட்டவருக்குத்தான் சங்கடமாகப் போயிற்று. டியூபைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலேயே வைத்தார். கடைசியில் கேட்டுவிட்டார்.

"மேஸ்திரி."

"சொல்லுங்கண்ணா."

"என் பொண்ணு எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டா. பத்தாவதுல கணக்குல தவறுனப்போகூட மொதல்ல எங்கிட்டத்தான் வந்து சொன்னா. ரெண்டு மாசம், தினம் குழந்தையை வெச்சுக்கிட்டு ஏறி எறங்கியிருக்குறா. பாய் வாங்கிப் போட்டிருக்குறா. சேலையைக் கிழிச்சிருக்குறா. எங்கிட்ட ஏன் சொல்லல?"

தமயந்தி பெட்டியிலிருந்து பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே இருந்த போல்ட்டைக் காட்டினாள்.

"இதைக் கழட்டுங்க."

அவர் குனிந்து ஸ்பேனரைப் போட்டார். அழுத்தினார். ஒரு காலைச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு உடம்பு பாரம் முழுவதையும் கொடுத்தார். ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டி பிராக்கெட்டில் இடித்துத் தோல் வழன்றது. மறுபடி போட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி.

கொஞ்ச நேரத்தில் ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டார்.

"கழலாதுங்க மேஸ்திரி. நட்டோட சேர்த்து நான் பத்த வெச்சிருக்கேனே."

"உங்களைப் பத்தி உங்க பொண்ணும் இதையேதான் சொல்லுச்சுங்கண்ணா."